‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு இடம்

சித்திரக் கதைகளில் வரும் மனிதர்களின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, அதற்குள் அவர்கள் கதைப்பதை எழுதி, வட்டத்திலிருந்து வாயை நோக்கி ஒரு வால் இழுத்து விட்டிருப்பார்கள். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேச்சுக் குமிழி என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் பலூன் என்பார்கள். அந்தப் பலூனைக் கணனியில் ஒழுங்காக வரையக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் எடுத்தது. இதிலென்ன பெரிய விடயம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சிறுமி வாசித்த ஒரு வசனம் என் நினைப்பை மாற்றியது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

எனது ஊர் தென்மராட்சியின் கிழக்குப் பக்கம். 2000 ஆம் ஆண்டு சண்டை தென்மராட்சிக்குள் வந்தபோது வடமராட்சிக்கு ஓடினோம். அந்த ஓட்டத்தில் ஷெல் விழுந்து என் கணவர் இறந்துபோனார். மகளுக்கு அப்போது 2 வயது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. எல்லோரும் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு பாவிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பின்பக்க ஒழுங்கையால் நடந்தேன். எனக்கு முன்னே பலர் நடந்துபோன ஒழுங்கைதான். ஆனால் வெடித்தது என் காலடியில். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரியால் வந்து, செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகிய பின், சுயதொழில் உதவியாக எனக்கு ஒரு தையல் மெஷின் கிடைத்தது. அது காலால் மிதிக்கும் மெஷின். தந்தவர்களைக் குறை சொல்லவில்லை. விதவைக்குத் தையல் மெஷின் என்பது அந்த நாளில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு. அதை என் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். 2004 இல் யாழ்ப்பாண நகரில் பெண்களுக்குப் பல்லூடகப் பயிற்சி என்று ஓர் அறிவித்தல் வந்தது. கதிரையில் இருந்து செய்கிற வேலை என்பதுதான் என்னை இழுத்தது. நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவள். 1995 இடப்பெயர்வோடு அந்தப் படிப்பு நின்றுவிட்டது. கணனியைக் கையால் தொட்டது அந்தப் பயிற்சியில்தான் முதல் முறை.

எங்களுக்குப் படிப்பித்த மென்பொருளின் பெயர் மக்ரோமீடியா டிரெக்டர். படம், எழுத்து, குரல், அசைவு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இறுவட்டாக்கும் மென்பொருள் அது. அதை உருவாக்கியவர்கள் நாடகக் கொட்டகையை மனதில் வைத்துத்தான் உருவாக்கியிருக்கிறார்கள். திரையில் தெரியும் பகுதிக்கு மேடை என்று பெயர். நாம் வரைந்து வைக்கும் படங்களும் எழுத்துகளும் நடிகர்கள். எந்த நடிகர் எந்த நேரத்தில் மேடைக்கு வருகிறார், எப்போது போகிறார் என்பதைக் குறித்து வைக்க ஒரு நீண்ட அட்டவணை. இவற்றுக்குக் கட்டளை கொடுக்க ‘லிங்கோ’ என்று ஒரு மொழி. கோயில் திருவிழா நாடகங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது சட்டென்று பிடிபட்டது. மின்சாரம்தான் பெரிய தொல்லை. மின் நின்றால் சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும் பழக்கம் அங்கே வந்தது. இன்றும் விடவில்லை.

பயிற்சியின் கடைசியில் எங்கள் குழுவுக்கு ஒரு வேலை தந்தார்கள். மீளக்குடியமர்ந்த ஊர்களில் உள்ள பாடசாலைப் பிள்ளைகளுக்கு மிதிவெடி ஆபத்தை விளக்கும் ஓர் இறுவட்டு. எனக்கு அந்த வேலை வந்தபோது கையெல்லாம் நடுங்கியது. பிறகு, இதை நான் செய்யாமல் வேறு யார் செய்வது என்று நினைத்துக்கொண்டேன். வெளிநாட்டில் செய்த ஓர் ஆங்கில இறுவட்டை மாதிரியாகத் தந்திருந்தார்கள். அதன் காட்சிகளை எங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றி வரைந்தோம். பனை வடலி, கிடுகு வேலி, தண்ணீர் வற்றிய குளம், கூரையில்லாத வீடு. சிவப்புப் பலகையில் மண்டையோட்டு அடையாளம். ஒரு தாய், ஒரு மகன், ஒரு மகள். ஆனால் பலூன்களை மட்டும் மாதிரியில் இருந்த அளவிலேயே எடுத்துக்கொண்டோம். அவை ஏற்கெனவே வரைந்து வைத்த படங்கள். அவற்றுக்கு மேலே நிலையான அளவில் எழுத்துப் பெட்டி. ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தமிழைப் போட வேண்டியதுதான் என்று நினைத்தோம்.

2005 ஆம் ஆண்டு தொடக்கத்தில், இறுவட்டை முடிக்க முன்னர் பிள்ளைகளுக்குக் காட்டிப் பார்ப்பதற்காகத் தென்மராட்சியில் ஒரு பாடசாலைக்குப் போனோம். அதிபரின் அறையில் ஒரு கணனி இருந்தது. தரம் 4 பிள்ளைகள் அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு சிறுமி ஒவ்வொரு பலூனையும் உரத்து வாசித்தாள். தாய் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் காட்சி வந்தது. அவள் வாசித்தாள்:

“பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குறுக்குப் பாதையால் வரலாம்.”

எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. “பிள்ளை, திருப்பி வாசியுங்கோ” என்றேன். அவள் அதையே வாசித்தாள். பக்கத்தில் நின்ற பொடியன், “அன்ரி, குறுக்கால வரலாமாம்” என்று எனக்கு விளக்கமும் சொன்னான். நான் எட்டிப் பார்த்தேன். திரையில் அப்படித்தான் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 

நாங்கள் எழுதிய வசனம் அதுவல்ல. “பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குறுக்குப் பாதையால் வரலாம் என்று நினைக்க வேண்டாம்” என்பதுதான் நாங்கள் எழுதியது. பயிற்சி நிலையக் கணனியில் அது மூன்று வரியில் சரியாக அடங்கியிருந்தது. நாங்கள் அப்போது பாவித்தது பாமினி எழுத்துரு. பாடசாலைக் கணனியில் இருந்ததும் பாமினிதான், ஆனால் எழுத்தின் அகலம் கொஞ்சம் வித்தியாசமான வேறொரு பாமினி. அதனால் வரிகள் வேறு இடத்தில் முறிந்து, வசனம் நான்கு வரியாகிவிட்டது. பெட்டியோ மூன்று வரிக்கு அளந்த பெட்டி. நான்காவது வரியைச் சத்தமில்லாமல் வெட்டி மறைத்துவிட்டது. அந்த நான்காவது வரியில்தான் ‘வேண்டாம்’ இருந்தது.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆங்கிலத்தில் ஒருவர் ‘செய்யாதே’ என்று சொல்லத் தொடங்கினால், மறுப்பு வசனத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். பின்னால் இரண்டு சொல் வெட்டுப்பட்டாலும், ஏதோ கூடாது என்றாவது பிள்ளைக்கு விளங்கும். எங்கள் மொழியில் அப்படியில்லை. போகாதே, தொடாதே, முடியாது, இல்லை, வேண்டாம். எல்லா மறுப்பும் கடைசியில்தான் வருகின்றன. கடைசி வரியை வெட்டினால், எங்கள் வசனம் அரைகுறையாக நிற்பதில்லை. நேர்மாறாக நிற்கிறது. நான் கால் இழந்தது ஒரு குறுக்கு ஒழுங்கையில். நான் செய்த இறுவட்டு ஒரு பிள்ளையிடம் குறுக்குப் பாதையால் வரலாம் என்று சொல்லியிருக்கிறது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் எங்கள் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். “தங்கச்சி, வசனத்தைக் குறைச்சுப் போடுங்கோ. பலூனுக்கு அளவாத்தான் கதைக்க வேணும்” என்றார்.

“சேர், ஒரு தாய் பலூனுக்கு அளவாக் கதைக்கமாட்டா” என்றேன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சில வசனங்களைக் குறைத்தோம். சிலவற்றை “வேண்டாம் பிள்ளை!” என்று மறுப்பில் தொடங்கும்படி மாற்றினோம். அது நல்ல மாற்றம்தான். ஆனால் எல்லா வசனத்தையும் அப்படி மாற்ற முடியவில்லை. ‘வராதே, தொடாதே, போகாதே’ என்று வெறும் கட்டளையாகப் போட்டபோது அந்தத் தாய் தாயாக இல்லாமல் அதிகாரி மாதிரி ஆகிவிட்டாள். ஏன் வரக்கூடாது, வந்துவிட்டால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்பதைச் சொல்ல அவளுக்கு இடம் வேண்டும். ஆகவே வசனத்தைப் பலூனுக்கு அளவாக்குவதை விட்டு, பலூனை வசனத்துக்கு அளவாக்க வழி தேடினேன்.

முதலில் எழுத்துப் பெட்டியின் குணத்தை மாற்றினேன். டிரெக்டரில் எழுத்துப் பெட்டியை நிலையான அளவில் வைக்கலாம், அல்லது எழுத்துக்கு ஏற்ப நீளும்படி விடலாம். நீள விட்டேன். இப்போது நான்காவது வரி தெரிந்தது, ஆனால் பலூனுக்கு வெளியே, தாயின் தலைமயிருக்கு மேலே விழுந்தது. சரி, பலூன் படத்தை இழுத்துப் பெரிதாக்குவோம் என்று இழுத்தேன். கோடு சில இடங்களில் தடித்தது. ஓரங்கள் படிக்கட்டு மாதிரிப் பல்லுப் பல்லாகின. வாலும் சேர்ந்து நீண்டு தாயின் கழுத்துக்குக் கீழே இறங்கியது. அந்தப் பலூன் சிறு சிறு சதுரப் புள்ளிகளால் ஆன படம். அதை இழுத்தால் கோலத்தை நனைந்த துணியால் இழுத்த மாதிரித்தான் வரும்.

அந்த மென்பொருளில் ‘வெக்டர் வடிவம்’ என்று இன்னொரு வகை நடிகர் இருந்தது. வகுப்பில் அதைப் பெயரளவில் மட்டும் காட்டியிருந்தார்கள். வெக்டர் என்ற சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது நாங்கள் உயர்தரத்தில் படித்த காவி அல்லவா! பருமனும் திசையும் உள்ளது காவி என்று பத்து வருடத்துக்கு முன் கொப்பியில் எழுதியது நினைவுக்கு வந்தது. படிப்பு நின்றுபோனது என்று நான் நினைத்திருந்தேன். அது எங்கேயும் போகவில்லை, உள்ளே காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வெக்டர் வடிவத்தில் கணனி படத்தை நினைவில் வைத்திருப்பதில்லை. புள்ளிகளின் ஆள்கூறுகளை மட்டும் வைத்திருக்கும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு, கோடு எவ்வளவு தடிப்பு, உள்ளே என்ன நிறம், அவ்வளவுதான். வளைவு வேண்டிய புள்ளிக்கு இரண்டு கைப்பிடிகள் இருக்கும். கைப்பிடியை இழுக்கும் திசைக்கும் தூரத்துக்கும் ஏற்ப வளையி வளையும். இப்படிப்பட்ட வளையிகளைப் பெசியே வளையி என்பார்கள். 1960களில் பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்தில் காரின் உடலை வரைவதற்காகப் பியர் பெசியே என்ற பொறியியலாளர் பயன்படுத்தியதால் அந்தப் பெயர் வந்தது. கோலம் போடுகிறவர்களுக்கு இது விளங்கும். புள்ளியை வைத்துவிட்டால், கோலத்தைப் பெரிதாகவும் போடலாம், சிறிதாகவும் போடலாம். கோட்டின் தடிப்பு நம் விரலில் இருக்கிறது.

என் பலூனை நான் 11 புள்ளிகளால் அமைத்தேன். மூலைகள் வளைந்த ஒரு பெட்டிக்கு மூலைக்கு 2 புள்ளியாக 8 புள்ளிகள். கீழ்க்கோட்டில் வால் தொடங்கும் இடத்தில் ஒன்று, வாலின் நுனியில் ஒன்று, வால் திரும்பி வந்து சேரும் இடத்தில் ஒன்று. மொத்தம் 11. இப்போது நான்காவது வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பெட்டியின் உயரம் 40 கூடுகிறது. நான் 11 புள்ளியையும் தொட வேண்டியதில்லை. மேல் மூலைகளில் உள்ள 4 புள்ளிகளை மட்டும் 40 அளவு மேலே தூக்கினால் போதும். மூலையின் வளைவு மாறாது. கோடு தடிக்காது. வாலும் வாயை விட்டு அசையாது. லிங்கோவில் புள்ளிகளின் பட்டியலை எடுத்து அந்த 4 எண்களை மாற்றச் சொல்லலாம். அதனால் எழுத்துப் பெட்டியின் உயரத்தைக் கேட்டு, அதற்கு ஏற்றபடி அந்த 4 புள்ளிகளையும் தூக்கும் ஒரு சின்னக் கட்டளையை எழுதினேன். ஒரு வரி வந்தால் சின்னப் பலூன். ஆறு வரி வந்தால் பெரிய பலூன். எந்தக் கணனியில் வரி எங்கே முறிந்தாலும் பலூன் தானாக இடம் கொடுக்கும்.

சொல்ல இலகுவாக இருக்கிறது. செய்யும்போது இலகுவாக இருக்கவில்லை. முதலில் பலூன் மேலே 40 வளராமல், மேலே 20 கீழே 20 என்று வளர்ந்தது. வால் தாயின் வாய்க்குள்ளேயே இறங்கிவிட்டது. இரண்டு நாள் தலையைப் பிய்த்த பின்தான் காரணம் விளங்கியது. வடிவத்தை மேடையில் எந்தப் புள்ளியில் பிடித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆகவே மென்பொருள் நடுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டது. பிடிக்கும் புள்ளியை வால் நுனிக்கு மாற்றினேன். அதன் பிறகு பலூன் எவ்வளவு வளர்ந்தாலும் வால் வாயிலேயே நின்றது. இன்னொன்று, எழுத்துருவையும் இறுவட்டுக்குள்ளேயே பொதிந்து வைத்தோம். பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இலக்கங்கள்தான். எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் தமிழ் முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அந்த மென்பொருளில் யுனிகோட் வசதி 2008 இல் வந்த பதினோராம் பதிப்பில்தான் சேர்ந்தது.

பலூனின் வடிவத்திலும் ஒரு பாடம் படித்தேன். மனதுக்குள் நினைப்பதைக் காட்ட முகில் மாதிரி ஒரு பலூனும், அதற்குக் கீழே சின்னச் சின்ன வட்டங்களும் போடுவது வழக்கம். மகன் யோசிக்கும் காட்சியில் நானும் அப்படிப் போட்டிருந்தேன். ஒரு பிள்ளை அதைப் பார்த்து, “அன்ரி, அவன்ர தலைக்கு மேல ஏன் புகை வருது?” என்று கேட்டது. எங்கள் பிள்ளைகள் முகிலைவிடப் புகையை அதிகம் கண்டவர்கள். சத்தம் போடுவதைக் காட்டும் கூர் கூரான பலூனும் அப்படித்தான், சிலர் அதை வெடி என்று நினைத்தார்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே அமைதியான வட்டப் பலூன் போட்டு, பிள்ளையின் நினைப்பைக் குரலில் சேர்த்தோம். புத்தகத்தில் உள்ளது எல்லா ஊருக்கும் சரிவராது. பார்க்கப் போகிறவர்களிடம் காட்டிக் கேட்டால்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அதே பாடசாலைக்குப் போனோம். அதே சிறுமி முன்னால் வந்து நின்றாள். அதே காட்சி வந்தது. பலூன் நான்கு வரிக்கு உயர்ந்து நின்றது. “...வரலாம் என்று நினைக்க வேண்டாம்” என்று அவள் வாசித்து முடித்தாள். பிறகு திரும்பி என் காலைப் பார்த்தாள். “அன்ரி, நீங்க குறுக்கால போனீங்களோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

அதே ஆண்டில் என் வீட்டிலும் ஒரு விடயம் நடந்தது. கொழும்பில் இருக்கும் என் அண்ணா, மகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பிக்கிறேன் என்று கேட்டார். பாசத்தில்தான் கேட்டார். நான், “நீங்கள் சொல்லுறது நல்ல எண்ணம்தான் அண்ணா, கொழும்பில படிச்சால் பிள்ளைக்கு நல்லதுதான்...” என்று தொடங்கினேன். அவ்வளவும் கேட்டதும் மச்சாள் மகளின் உடுப்பை அடுக்கத் தொடங்கிவிட்டா. “ஆனால் நான் அனுப்ப விரும்பேல்லை” என்ற மீதி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எனக்கு உடனே அந்த மூன்று வரிப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. மரியாதைக்காக நல்லதை முதலில் சொல்லி, மறுப்பைக் கடைசியில் வைப்பது எங்கள் பழக்கம். கேட்பவர்களோ முதல் பாதியோடு எழும்பிவிடுகிறார்கள். அகதி முகாமிலும், நிவாரண வரிசையிலும், கல்யாணப் பேச்சிலும் எத்தனை முறை அப்படி நடந்திருக்கிறது! அன்று நான், “அண்ணா, இருங்கோ. நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை” என்றேன். முடித்தேன். அண்ணா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார். உடுப்புகள் திரும்ப அலுமாரிக்குள் போயின. மகள் என்னோடுதான் வளர்ந்தாள். இன்று அவளும் ஒரு தாய்.

2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 பாதை பூட்டப்பட்டது. எங்கள் இறுவட்டு வேலைகளும் அதோடு நின்றன. அந்த மென்பொருளின் கதையும் முடிந்துவிட்டது. மக்ரோமீடியா நிறுவனத்தை 2005 இல் அடோபி வாங்கியது. டிரெக்டரை விற்பதை 2017 இல் அடோபி நிறுத்திக்கொண்டது. அதே 2017 டிசெம்பரில்தான் மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலையில் எங்களைப் போன்ற பல பெண்கள் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு மண்ணில் முழங்காலிட்டு உழைத்திருக்கிறார்கள். அவர்களை நினைக்கும்போது என் வேலை மிகச் சிறியதாகத் தெரிகிறது.

மென்பொருள் போனாலும் 11 புள்ளிகள் போகவில்லை. இன்று இதே வேலையைச் செய்ய ‘இங்க்ஸ்கேப்’ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் சங்கத்துக்கோ பாடசாலைக்கோ ஓர் அறிவித்தல் செய்ய வேண்டுமென்றால் நீங்களும் முயன்று பாருங்கள். முதலில் யுனிகோட் தமிழில் வசனம் முழுவதையும் எழுதுங்கள். பிறகு பெட்டிக் கருவியால் அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு மூலைகளை வளையுங்கள். பேனைக் கருவியால், பெட்டியின் கீழ்க்கோட்டில் மேற்பக்கம் படும்படி ஒரு முக்கோணம் வரையுங்கள். அதுதான் வால். இரண்டையும் தெரிந்தெடுத்து, ‘பாத்’ பட்டியலில் உள்ள ‘யூனியன்’ என்பதை அழுத்தினால் இரண்டும் ஒரே வடிவமாகும். அதை எழுத்துக்குப் பின்னால் அனுப்பி விடுங்கள். இடம் போதாவிட்டால், புள்ளிகளைத் திருத்தும் கருவியால் மேலே உள்ள 4 புள்ளிகளைச் சேர்த்துப் பிடித்து மேலே இழுங்கள். வேறொருவருக்குக் கோப்பை அனுப்ப முன், ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அனுப்பும் கோப்பில் எழுத்தையும் ‘ஒப்ஜெக்ட் டு பாத்’ என்பதால் வடிவமாக்கி விடுங்கள். அப்படிச் செய்தால், அவர்களிடம் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் வரிகள் இடம் மாறாது. ஆனால் வடிவமாக்கிய எழுத்தைத் திரும்பத் திருத்த முடியாது. அதனால்தான் பிரதி வேண்டும்.

எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் சனிக்கிழமைகளில் நான்கைந்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், கை வேகமானவர்கள். பலூனை முதலில் அழகாக வரைந்துவிட்டு, பிறகு வசனத்தை அதற்குள் அடக்கப் பார்ப்பார்கள். இடம் போதாமல் வசனத்தை வெட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் நான் அவர்களுக்கு அந்தச் சிறுமி வாசித்த வசனத்தைச் சொல்வேன்.

சகோதரிகளே, நீங்கள் பலூன் வரைய வேண்டி வந்தால், முதலில் வசனத்தை முழுவதும் எழுதுங்கள். கடைசிச் சொல்லும் வந்து சேர்ந்த பிறகு, அதைச் சுற்றிக் கோடு போடுங்கள்.